2,401 சீவல்கள், 53 மணி நேரம்: உறைந்த திசுவை வெட்டுவது ஏன் இவ்வளவு கஷ்டம்?

2009 டிசம்பர் 2. அமெரிக்காவின் சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றிலிருந்து இணையத்தில் ஒரு நேரலை தொடங்கியது. உறைய வைக்கப்பட்ட ஒரு மனித மூளை. அதன் மேற்பரப்பை நிதானமாகச் சீவிக்கொண்டு போகும் பெரிய கத்தி. ஒவ்வொரு முறையும் கத்திமேல் சுருண்டு வரும் சீவலைத் தூரிகையால் அள்ளித் திரவத்தில் போடும் ஒரு கை. திரும்பத் திரும்ப இதே காட்சிதான். ஆனாலும் லட்சக்கணக்கானவர்கள் அதைப் பார்த்தார்கள்.

53 மணி நேரம் கழித்து வேலை முடிந்தபோது, அந்த மூளை 2,401 சீவல்களாகியிருந்தது. ஒவ்வொன்றின் தடிமனும் 70 மைக்ரான். கிட்டத்தட்ட ஒரு தலைமுடி அளவு.

அந்த மூளைக்குச் சொந்தக்காரர் ஹென்றி மோலைசன். கடுமையான வலிப்பு நோயால் அவதிப்பட்ட அவருக்கு 1953-ல், 27 வயதில், மூளையின் இரு பக்கங்களிலிருந்தும் ஒரு பகுதியை அறுவை சிகிச்சையில் எடுத்தார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால், அதற்குப் பிறகு சந்தித்தவர்கள், நடந்த சம்பவங்கள் எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. சற்றுமுன் பேசிவிட்டுப் போனவர் திரும்பி வந்தால், அவருக்கு அது புது ஆள்தான். நினைவாற்றல் பற்றி இன்று பாடப்புத்தகங்களில் இருப்பதில் கணிசமான பங்கு, ‘எச்.எம்.’ என்ற இரண்டு எழுத்துகளில் அறியப்பட்ட இந்த மனிதரைப் பார்த்துத் தெரிந்துகொண்டது. 2008-ல், 82 வயதில் அவர் இறந்தார்.

அவர் மூளையில் சரியாக எது போனது, எது மிஞ்சியது? 55 ஆண்டுகளாக விஞ்ஞானிகளைத் துரத்திய கேள்வி இது. ஸ்கேன் ஓரளவுக்குத்தான் காட்டும். செல் அளவில் பார்க்க வேண்டுமென்றால் வெட்டித்தான் ஆக வேண்டும். இருப்பதோ ஒரே ஒரு மூளை. சொதப்பினால் திரும்ப ஒட்டவைக்க முடியாது.

நேரலை இல்லாமல், கேமரா இல்லாமல், இதே வேலை தினமும் உலகெங்கும் ஆய்வகங்களில் நடக்கிறது. எலியின் மூளை, நோயாளியிடமிருந்து எடுத்த கட்டி, ஒரு துண்டு தசை என்று பொருள்தான் மாறும். சிக்கல் ஒன்றுதான்: திசு இரண்டாவது வாய்ப்பு தராது. அந்த ஒரே வாய்ப்பைக் காப்பாற்றுவதில் கத்தியின் கூர்மைக்கு இருக்கும் அதே அளவு பங்கு குளிருக்கும் இருக்கிறது. குளிர் கூடினாலும் போச்சு, குறைந்தாலும் போச்சு.

எதுக்கு உறைய வைக்கணும்?

ஒரு திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்க்க, ஒளி அதன் வழியே ஊடுருவிப் போக வேண்டும். அதற்குத் திசு மிக மெல்லியதாக இருக்க வேண்டும். பெரும்பாலான வேலைகளுக்கு 5 முதல் 20 மைக்ரான் தடிமன். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். நாம் எழுதும் தாள் சுமார் 100 மைக்ரான். அந்தத் தாளைப் படுக்கவைத்துப் பத்து ஏடாகப் பிரித்தால் ஒன்று எவ்வளவு இருக்குமோ, அதுதான் இங்கே அளவு.

ஆனால் உடலின் திசு மென்மையானது, ஈரமானது. நன்றாகப் பழுத்த வாழைப்பழத்தைத் தாள் கனத்துக்குச் சீவிப் பாருங்கள், நசுங்கித்தான் வரும். வெற்றிலையோடு போடும் சீவலை அத்தனை மெல்லிசாகச் சீவ முடிகிறதென்றால், பாக்கு கெட்டியாக இருப்பதால்தான். ஆக, முதல் வேலை திசுவைப் பாக்கு மாதிரி கெட்டியாக்குவது.

அதற்கு இரண்டு வழிகள் பரவலாக இருக்கின்றன.

முதல் வழி மெழுகு. திசுவை ஃபார்மலினில் ஊறவைத்து, ஆல்கஹாலால் அதன் தண்ணீரை வெளியேற்றி, சைலீன் போன்ற கரைப்பானில் போட்டு, கடைசியில் சுமார் 60 டிகிரி செல்சியஸில் உருக்கிய பாரஃபின் மெழுகை உள்ளே ஏற்றுவார்கள். மெழுகு இறுகியதும் அழகாக வெட்டலாம். வருடக்கணக்கில் அறை வெப்பத்திலேயே பத்திரமாக இருக்கும். மருத்துவமனையில் பயாப்ஸி ரிப்போர்ட் வர சில நாட்கள் ஆவதற்கு இந்த நீண்ட நடைமுறையும் ஒரு காரணம்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. அந்தக் கரைப்பான்கள் திசுவிலிருக்கும் கொழுப்பைக் கரைத்துவிடும். சூடும் ஃபார்மலினும் பல என்சைம்களைச் செயலிழக்கச் செய்யும். ஆன்டிபாடிகள் வந்து பிடித்துக்கொள்ள வேண்டிய புரதங்களின் வடிவம் மாறிப்போகும். செல்லில் எந்த மரபணு வேலை செய்கிறது என்று காட்டும் ஆர்என்ஏ துண்டு துண்டாகிவிடும்.

இரண்டாவது வழிதான் உறைய வைப்பது. திசுவில் ஏற்கெனவே இருக்கும் தண்ணீரையே மெழுகு மாதிரி பயன்படுத்துவது. தண்ணீர் உறைந்தால் திசு கெட்டியாகும். சில நிமிடங்களில் வேலை முடியும். கொழுப்பு, என்சைம், ஆர்என்ஏ எல்லாம் கிட்டத்தட்ட உயிரோடு இருந்தபோது இருந்த நிலையிலேயே நிற்கும்.

கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் அந்தத் தண்ணீரே பிரச்சினையும் ஆகிறது.

முதல் எதிரி பனிப்படிகம்

கரன்ட் போய் ஃபிரிட்ஜில் ஐஸ்கிரீம் உருகி, கரன்ட் வந்து மறுபடி உறைந்தால் எப்படி இருக்கும்? வாயில் நறநறவென்று இருக்கும். மெதுவாக உறையும்போது பனிப்படிகங்கள் பெரிதாக வளர நேரம் கிடைத்துவிடுகிறது. அந்த நறநறப்பு அதுதான். தக்காளியை ஃபிரீசரில் வைத்து எடுத்தால் கொழகொழத்துப் போவதற்கும் இதே காரணம். தண்ணீர் பனியாகும்போது அதன் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடுகிறது. வளரும் படிகங்கள் செல்களைக் குத்திக் கிழிக்கின்றன.

மூளைத் திசுவை வீட்டு ஃபிரீசரில் வைப்பது போல மெதுவாக உறைய வைத்தால், மைக்ராஸ்கோப்பில் அது ஓட்டை ஓட்டையாகத் தெரியும். இடியாப்பத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது போல. அந்த ஓட்டைகள் நோயால் வந்தவையா, பனியால் வந்தவையா என்று பிரித்துச் சொல்வதே கஷ்டமாகிவிடும்.

தீர்வு, வேகம். படிகம் வளர நேரமே தராமல் சட்டென்று உறைய வைப்பது. அப்போ, மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் திரவ நைட்ரஜனில் திசுவை நேரடியாகப் போட்டுவிட்டால் முடிந்ததே என்று தோன்றும். அங்கேதான் ஒரு வேடிக்கை. நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால், துளிகள் உடனே ஆவியாகாமல் உருண்டு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். துளிக்கும் கல்லுக்கும் நடுவே உருவாகும் ஆவிப் படலம் சூட்டைத் தடுக்கிறது. திரவ நைட்ரஜனுக்கு அறை வெப்பத்தில் இருக்கும் திசு அந்தத் தோசைக்கல் மாதிரி. திசுவைத் தொட்டதும் நைட்ரஜன் கொதித்து, ஆவிப் போர்வை ஒன்று திசுவைச் சுற்றிக்கொள்ளும். உறைவது தாமதமாகும்.

இதனால் பல ஆய்வகங்கள் நடுவில் ஐசோபென்டேன் என்ற திரவத்தை வைத்துக்கொள்கின்றன. ஒரு உலோகக் குவளையில் ஐசோபென்டேனை ஊற்றி, குவளையைத் திரவ நைட்ரஜனில் இறக்குவார்கள். ஐசோபென்டேன் மைனஸ் 160 டிகிரி வரை உறையாமல் திரவமாகவே இருக்கும். குவளையின் ஓரத்தில் அது வெள்ளையாக உறையத் தொடங்கினால், தயார் என்று அர்த்தம். இப்போது திசுவை இறக்கினால் ஆவிப் போர்வை உருவாகாது, நொடிகளில் உறைந்துவிடும்.

முழு மனித மூளை போன்ற பெரிய பொருளை இப்படிச் சட்டென்று உறைய வைக்க முடியாது. வெளிப்புறம் உறைந்த பிறகுதான் உள்ளே குளிர் போகும். அதனால் பெரிய மூளைகளை முதலில் ஃபார்மலினில் பதப்படுத்தி, பிறகு சர்க்கரைக் கரைசலில் ஊறவைப்பது வழக்கம். பொதுவாக 30 சதவீதச் சுக்ரோஸ். மூளை முதலில் மிதக்கும். சர்க்கரை உள்ளே ஏற ஏற அடியில் போய் அமரும். சர்க்கரை நிறைந்த இடத்தில் பெரிய படிகங்கள் எளிதில் வளராது. எச்.எம். மூளையும் பதப்படுத்திய பிறகுதான் ஜெலட்டின் கட்டிக்குள் வைத்து உறைய வைக்கப்பட்டது.

கிரையோஸ்டாட்: ஃபிரீசருக்குள் ஒரு சீவல் மெஷின்

திசு உறைந்தாயிற்று. வெட்டும்போது உருகாமல் இருக்க, வெட்டும் மெஷினையே ஃபிரீசருக்குள் வைத்துவிடுகிறார்கள். இதற்குப் பெயர் கிரையோஸ்டாட்.

ஐஸ்கிரீம் கடையில் மேல்பக்கம் கண்ணாடி மூடியோடு இருக்கும் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு கத்தி அசையாமல் பொருத்தப்பட்டிருக்கும். அதன் எதிரே, உலோக வட்டு ஒன்றில் திசுக்கட்டி ஒட்டியிருக்கும். பெட்டிக்கு வெளியே ஒரு சக்கரம். சக்கரத்தை ஒரு சுற்று சுற்றினால், திசுக்கட்டி மேலிருந்து கீழே கத்திமேல் இறங்கி ஒரு சீவல் விழும். அடுத்த சுற்றுக்கு முன் கட்டி, நாம் குறித்துவைத்த அளவு முன்னே நகரும். 10 மைக்ரான் என்றால் 10 மைக்ரான்.

திசுவை வட்டில் ஒட்டவைப்பது ‘ஓ.சி.டி.’ என்று ஆய்வகங்களில் சொல்லப்படும் பிசுபிசுப்பான திரவம். பாலிவினைல் ஆல்கஹாலும் பாலிஎத்திலீன் கிளைகாலும் சேர்ந்தது. உறைந்தால் வெள்ளை வெளேரென்று கட்டியாகி, திசுவைச் சுற்றி ஒரு சட்டம் மாதிரி தாங்கிப் பிடிக்கும். பிறகு தண்ணீரில் கழுவினால் போய்விடும். அதன் பெயரின் விரிவு, ‘வெட்டுவதற்கு உகந்த வெப்பநிலை’. மொத்த வேலையின் சூட்சுமமும் அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

சீவல் விழும்போது மரத்தூள் சுருள் மாதிரி சுருண்டுகொள்ளப் பார்க்கும். அதைத் தடுக்க, கத்தியை ஒட்டி ஒரு கண்ணாடித் தகடு இருக்கும். கத்திக்கும் தகட்டுக்கும் நடுவே உள்ள மயிரிழை இடைவெளியில் சீவல் தட்டையாக வழுக்கி இறங்க வேண்டும். தகடு கொஞ்சம் முன்னே போனால் சீவல் நசுங்கும். பின்னே போனால் சுருளும். புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் இந்தத் தகட்டைச் சரிசெய்தே அரை நாளை ஓட்டிவிடுவார்கள்.

தட்டையாகக் கிடைத்த சீவலை எடுப்பதுதான் பார்க்க அழகான கட்டம். அறை வெப்பத்தில் இருக்கும் கண்ணாடி ஸ்லைடை அதன் அருகே கொண்டுபோனால் போதும். ஸ்லைடின் வெதுவெதுப்பில் சீவல் சட்டென்று உருகித் தாவி ஒட்டிக்கொள்ளும். அந்த ஒரு நொடியில் கை நடுங்கினால் மடிப்பு விழும். மடிப்பு விழுந்த இடத்தில் இருந்த செல்கள் கணக்கில் வராது.

எவ்வளவு குளிர் சரி?

பொதுவாக மைனஸ் 20 டிகிரி என்பார்கள். ஆனால் அது ஆரம்பப் புள்ளி மட்டுமே. தோசைக்கல் சூட்டுக்கு எப்படி ஒரே நம்பர் கிடையாதோ, மாவையும் கல்லையும் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டுமோ, இதுவும் அப்படித்தான்.

குளிர் போதாவிட்டால் திசு குழைந்துவிடும். சீவல் கத்தியில் ஒட்டும், சுருங்கும், பிசுபிசுவென்று ஈஷிக்கொள்ளும். குளிர் அதிகமானால் அப்பளம் மாதிரி நொறுங்கும். சீவல் முழுக்கச் சீரான இடைவெளியில் கோடு கோடாக வெடிப்பு விழும். சில சமயம் வெறும் வெள்ளைத் தூள்தான் மிஞ்சும்.

திசுவுக்குத் திசு கணக்கு மாறும். மூளை, கல்லீரல் போன்றவற்றில் தண்ணீர் அதிகம். அவை எளிதில் இறுகிவிடும். மைனஸ் 10 முதல் மைனஸ் 15 டிகிரி வரையே பல சமயம் போதும். தசைக்கு மைனஸ் 20 அளவில் வேண்டும். கொழுப்பு நிறைந்த தோல், மார்பகத் திசு போன்றவை அடம்பிடிக்கும். மைனஸ் 20-ல் மற்றதெல்லாம் கல்லாக இருக்கும்போது கொழுப்பு இன்னும் வெண்ணெய் மாதிரி மெத்தென்று இருக்கும். அதற்கு மைனஸ் 25, மைனஸ் 30, சில சமயம் அதற்கும் கீழே போக வேண்டும்.

ஒரே துண்டில் கொழுப்பும் தசையும் சேர்ந்திருந்தால்? அதுதான் உண்மையான தலைவலி. ஒன்றுக்குச் சரியான குளிர் இன்னொன்றை நொறுக்கும். அனுபவசாலிகள் பல தந்திரங்கள் வைத்திருப்பார்கள். அதிகக் குளிரில் இருக்கும் கட்டியின் முகப்பில் கையுறை போட்ட விரலை ஒரு கணம் வைத்து எடுப்பார்கள். அல்லது லேசாக மூச்சை ஊதுவார்கள். மேல்பரப்பு மட்டும் ஓரிரு டிகிரி ஏறும். அடுத்த சீவல் முழுசாக வரும். எந்த மேனுவலைப் படித்தும் கைவராத பக்குவம் இது.

ஜன்னலுக்கு வெளியே தொடங்கிய கதை

இந்தத் தொழில்நுட்பத்துக்கு மருத்துவமனையில் வந்த அவசரம்தான் உந்துதல். நோயாளி அறுவை சிகிச்சை மேஜையில் இருக்கும்போதே, கட்டி புற்றுநோயா இல்லையா என்று தெரிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்? அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் அறுவை சிகிச்சை நிபுணர் வில்லியம் மேயோ இந்தத் தேவையை முன்வைக்க, நோய்க்குறியியல் நிபுணர் லூயி வில்சன் ஒரு வழி கண்டுபிடித்தார். 1905 ஜனவரி. ராச்செஸ்டர் நகரின் கடுங்குளிர். திசுவை ஜன்னலுக்கு வெளியே வைத்து உறைய வைத்தார். சீவி, மெத்திலீன் நீலச் சாயம் ஏற்றி, சில நிமிடங்களில் பதில் சொன்னார். அந்த முறை அதே ஆண்டில் மருத்துவ இதழில் வெளியானது. அதற்கு முன்பும் உறைந்த திசுவை வெட்டியவர்கள் உண்டு. ஆனால் அறுவை சிகிச்சையின் அன்றாட வேலையாக அது நிலைபெற்றது இதன் பிறகுதான். இன்றும் பெரிய மருத்துவமனைகளில் ஆபரேஷன் தியேட்டருக்குப் பக்கத்திலேயே ஒரு கிரையோஸ்டாட் இருக்கும்.

ஆய்வகத்துக்கான மெஷின் வந்தது டென்மார்க்கிலிருந்து. 1938-ல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் லிண்டர்ஸ்ட்ரோம்-லாங், மோகன்சன் ஆகிய இருவரும் வெட்டும் கருவியைக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்தார்கள். ஆமாம், பீருக்குப் பெயர்போன அதே கார்ல்ஸ்பெர்க். அந்த ஆலையின் நிறுவனர் தொடங்கிவைத்த ஆய்வகம் அது. அடுத்த சில ஆண்டுகளில், ஒளிரும் சாயம் ஏற்றிய ஆன்டிபாடிகளைக் கொண்டு புரதங்களைத் தேடும் முறையை ஹார்வர்டில் ஆல்பர்ட் கூன்ஸ் உருவாக்கினார். அதற்கு உறைந்த சீவல்கள் மிகப் பொருத்தமாக அமைந்தன. அதன்பிறகு கிரையோஸ்டாட் ஆய்வகங்களில் நிரந்தர இடம் பிடித்தது.

புத்தாயிரத்தில் மறுபடி ஒரு கிராக்கி. 2016-ல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் ஒரு புது முறையை வெளியிட்டார்கள். 10 மைக்ரான் அளவிலான உறைந்த சீவலை, சுமார் ஆயிரம் அடையாளப் புள்ளிகள் பதித்த தகட்டின்மேல் வைத்தால், திசுவின் எந்த இடத்தில் எந்த மரபணு வேலை செய்கிறது என்று வரைபடமாகவே எடுக்கலாம். புற்றுக்கட்டி ஆராய்ச்சியில் இன்று இதற்குப் பெரிய மவுசு. ஆனால் அத்தனை நவீன முறைக்கும் அடிப்படை, மடிப்பில்லாத, வெடிப்பில்லாத ஒரு சீவல். அது ஒருவர் கையில்தான் இருக்கிறது.

மைனஸ் 140: தண்ணீர் கண்ணாடியாகும் இடம்

கிரையோஸ்டாட்டின் குளிரெல்லாம் சில ஆய்வகங்களுக்கு வெயில் காலம் மாதிரி. எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்க்க 50 முதல் 100 நானோமீட்டர் சீவல் வேண்டும். அதாவது ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கோ, அதற்கும் குறைவோ.

இதற்கு 1973-ல் கியோதெரு தோகுயாசு ஒரு வழி காட்டினார். பதப்படுத்திய திசுவை அடர்த்தியான சர்க்கரைக் கரைசலில் ஊறவைத்து, திரவ நைட்ரஜனில் உறைய வைத்து, மைனஸ் 100 டிகிரியையொட்டிய குளிரில் வெட்டுவது. சீவலைத் தூரிகையால் தொடக்கூட முடியாது. கம்பி வளையம் ஒன்றில் ஒரு சொட்டுச் சர்க்கரைக் கரைசலை ஏந்தி, அது உறைவதற்குள் சீவலை ஒற்றி எடுக்க வேண்டும்.

இன்னும் ஒரு படி மேலே போனவர் சுவிட்சர்லாந்தின் ஜாக் துபோஷே. தண்ணீரை மிக மிக வேகமாகக் குளிர்வித்தால், அதன் மூலக்கூறுகள் படிகமாக அணிவகுக்க நேரமில்லாமல், இருந்த இடத்திலேயே நின்றுவிடும். பனிக்குப் பதில் கண்ணாடி மாதிரி ஒரு நிலை. படிகமே இல்லை என்றால் கிழிசலும் இல்லை. 1980-களின் தொடக்கத்தில் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்த அவருக்கு, 2017-ல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இந்தக் கண்ணாடி நிலை நிலைக்க வேண்டுமென்றால், கிட்டத்தட்ட மைனஸ் 140 டிகிரிக்குக் கீழேயே எல்லாம் நடக்க வேண்டும். அதற்கு மேலே ஏறினால் தண்ணீர் மறுபடி படிகமாகிவிடும். திசுத் துண்டுகளைக் கண்ணாடி நிலைக்குக் கொண்டுவர, சுமார் 2,000 வளிமண்டல அழுத்தத்தில் உறைய வைக்கும் தனிக் கருவி வேண்டும். அப்போதும் சுமார் 200 மைக்ரான் ஆழம் வரைதான் அது சாத்தியம். கத்தி, வைரக் கத்தி. அந்த வறண்ட குளிரில் நிலைமின்சாரம் வேறு. சீவல்கள் எங்காவது பறந்துபோய் ஒட்டிக்கொள்ளும். இத்தனை விலையுயர்ந்த கருவிகளுக்கு நடுவில், சீவலை நகர்த்தப் பலரும் பயன்படுத்துவது என்ன தெரியுமா? ஒரு குச்சியின் நுனியில் ஒட்டிய இமைமுடி. அதைவிட மென்மையான, கூர்மையான, வளைந்து கொடுக்கும் கருவி இன்னும் கைக்கு எட்டவில்லை.

குளிர் கைவிட்டால்...

வெட்டும்போது மட்டும் குளிர் இருந்தால் போதாது. எடுத்த நாள் முதல் கடைசிச் சீவல் வரை இருக்க வேண்டும். அதனால்தான் திசு வங்கிகள் மைனஸ் 80 டிகிரி ஃபிரீசர்களை நம்பியிருக்கின்றன.

2012-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் இருந்த ஒரு மூளை வங்கியில் ஒரு ஃபிரீசர் பழுதானது. எச்சரிக்கை மணிகள் அடிக்கவில்லை. யாரும் கவனிப்பதற்குள் உள்ளே இருந்த சுமார் 150 மூளைகள் உருகிவிட்டன. அவற்றில் 50-க்கும் மேற்பட்டவை ஆட்டிசம் ஆராய்ச்சிக்காகச் சேர்த்து வைத்தவை. பிள்ளையைப் பறிகொடுத்த நிலையிலும், இன்னொரு குடும்பத்துக்காவது உதவட்டும் என்று பெற்றோர்கள் கொடுத்தவையும் அவற்றில் உண்டு. புதிதாக வாங்கி வைக்கக்கூடிய பொருள் இல்லை அது. மறுபடி உறைய வைத்தாலும் பயனில்லை. ஆர்என்ஏ சிதைந்திருக்கும், பனிப்படிகம் இரண்டாம் முறை கிழித்திருக்கும்.

வெட்டுபவருக்கும் ஆபத்து உண்டு. கிரையோஸ்டாட் கத்தி சவர பிளேடின் கூர்மை கொண்டது. குளிரில் மரத்த விரலுக்கு வெட்டுப்பட்டது உடனே தெரியாது. உறைய வைத்தால் கிருமி செத்துவிடும் என்று நினைப்பதும் தவறு. காசநோய்க் கிருமியும், கல்லீரல் அழற்சி வைரஸும் அந்தக் குளிரில் சௌகரியமாகவே இருக்கும். அதனால்தான் கட்டியைச் சட்டென்று குளிர்விக்க ஸ்பிரே அடிப்பதைப் பாதுகாப்பு விதிகள் எச்சரிக்கின்றன. சீவல் தூள் காற்றில் கிளம்பி மூச்சில் போகலாம். மூடிய சிறிய அறையில் ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஆவியானால் சுமார் 700 லிட்டர் வாயுவாகும். நிறமில்லை, மணமில்லை. ஆக்சிஜன் குறைவதே தெரியாமல் மயக்கம் வந்துவிடும்.

ஐசோபென்டேனோ சுமார் 28 டிகிரியிலேயே கொதிக்கும், எளிதில் தீப்பிடிக்கும். ராச்செஸ்டரின் ஜனவரியில் ஜன்னலுக்கு வெளியே வைத்துவிட்டுப் போகலாம். சென்னையின் மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் பாட்டிலைத் திறந்தால், அது அங்கேயே கொதிக்கத் தொடங்கும். ஈரப்பதமும் சேர்ந்துகொள்ளும். கிரையோஸ்டாட் மூடியைத் திறந்து வைக்கும் ஒவ்வொரு நிமிடமும், வெளிக்காற்றின் ஈரம் உள்ளே கத்திமீதும் தகட்டின்மீதும் பனித்தூளாகப் படியும். அந்தத் தூள் சீவலைக் கீறும். நம் ஊரில் இந்த வேலை செய்பவர்கள் திசுவோடு மட்டுமல்ல, தட்பவெப்பத்தோடும் மல்லுக்கட்ட வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைத்தது?

எச்.எம். மூளைக்கே வருவோம். சீவல்களையும், வெட்டும்போது ஒவ்வொரு சீவலுக்கும் முன் எடுத்த படங்களையும் சேர்த்து, கணினியில் மூளையை முப்பரிமாணத்தில் மறுபடி கட்டினார்கள். முடிவுகள் 2014-ல் வெளியாயின. பாடப்புத்தகங்கள் நினைத்திருந்ததைவிட, நினைவாற்றலோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸின் பின்பகுதி கணிசமாக மிஞ்சியிருந்தது. கூடவே, இடது முன்மூளையின் அடிப்பக்கத்தில் அதுவரை யாருக்கும் தெரியாத சிறு காயம் ஒன்று இருந்தது. 55 ஆண்டுகளில் எந்தப் பரிசோதனையும் தெளிவாகச் சொல்லாத விஷயங்கள். நினைவு எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கான பழைய பதில்களை, இதற்குப் பிறகு இன்னும் கவனமாகச் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த 53 மணி நேரத்தில் குளிர் பிசகி நடுவில் நூறு சீவல்கள் நொறுங்கியிருந்தால், அந்தச் சிறு காயமும் தூளோடு தூளாகப் போயிருக்கலாம்.

இதே போன்ற வேலை இன்று சென்னையிலும் நடக்கிறது. சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் மனித மூளைகளை உறைய வைத்து, வரிசை மாறாமல் மெல்லிய சீவல்களாக வெட்டி, செல் அளவில் படமெடுத்து வருகிறது. கர்ப்பத்தின் இரண்டாவது மூன்று மாத காலத்தைச் சேர்ந்த கரு மூளைகளின் 5,132 சீவல்களைக் கொண்டு இந்த மையம் உருவாக்கிய ‘தரணி’ என்ற முப்பரிமாண வரைபடம், 2024 டிசம்பரில் வெளியானது. மூளை உருவாகும் காலத்தில் எந்தப் பகுதி எப்போது, எப்படி வளர்கிறது என்று இவ்வளவு நுணுக்கமாகக் காட்டும் வரைபடங்கள் அரிது. வளர்ச்சிக் குறைபாடுகளை ஆராய்பவர்களுக்கு, இயல்பான வளர்ச்சி எப்படி இருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அடிப்படை கிடைத்திருக்கிறது. உலகில் யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகத் திறந்து பார்க்கலாம்.

போனில் அந்தப் படங்களில் ஒன்றைத் திறந்து விரல்களால் பெரிதாக்கினால், ஊதா நிறப் புள்ளிகளாகச் செல்கள் தெரியும். ஒவ்வொரு படத்துக்கும் பின்னால், ஒருமுறை மட்டுமே வெட்ட முடிந்த ஒரு சீவல் இருக்கிறது. அதைக் கொடுத்த ஒரு குடும்பம் இருக்கிறது. குளிர்ப்பெட்டிக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருவரும் இருக்கிறார்.